வியாழக்கிழமைத் தோட்டா

துப்பாக்கித் தோட்டா வாங்கப் போகிறவளுக்கு உதட்டுச் சாயம் எதற்கு? நோரீன் பின்கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தபோது அவள் கணவன் ஹார்லனின் கண் அந்தச் சிவப்பின் மேல்தான் போய் நின்றது.

"கிடைச்சுதா?" என்றான்.

"கிடைச்சுது. இந்தா."

முப்பது-முப்பது ரகம், இருபது தோட்டா அடங்கிய பெட்டி. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி செருப்பைக் கழற்றினாள்.

ஹார்லன் பெட்டியைக் கையில் எடுத்தான். சில்லென்று இருந்தது. வெளியே ஆகஸ்ட் வெயிலில் ரோட்டுத் தார் இளகிக்கொண்டிருந்தது. கடையின் உள்ளறையில், ஏசிக்குக் கீழே, இவளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறான் அந்தத் துப்பாக்கிக் கடைக்காரன் வெஸ்லி என்று முடிவு கட்டினான். பொறாமை வந்துவிட்டால் எதற்கும் உடனே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

நாளைக்கே மின்சாரம் போகும், பாலம் உடையும், இடாஹோ மாநிலம் முழுக்கக் கடைகள் மூடும் என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கிறவன் ஹார்லன். மாவும் பீன்ஸும் மாடியில். தோட்டாக்கள் நிலவறையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட தகர டப்பாக்களில். பெட்ரோலையும் சேமிக்க வேண்டுமே, அதனால் வண்டிச் சாவியை அவன் தோட்டா வாங்க மட்டும்தான் கொடுப்பான்.

ஆனால் மே மாதத்திலிருந்து தோட்டாவுக்கு எங்கும் பஞ்சம். மூன்று தடவை டவுனுக்குப் போய் வெஸ்லி கடையின் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தான். அலுத்துப்போய், "நீ போய்ப் பாரு" என்று நோரீனை அனுப்பினான். அன்றைக்கே பெட்டியோடு வந்தாள். இது ஏழாவது வியாழன், ஏழாவது பெட்டி.

"அவன்கிட்ட என்னதான் பேசறே?"

"தோட்டா இருக்கான்னு கேக்கறேன்."

"நான் கேட்டா இல்லேங்கறான்."

"நீ கேக்கற லட்சணம் அப்படி. முறைச்சுக்கிட்டே கேட்டா எவன் தருவான்?"

அவள் சிரித்தாள். ஹார்லனுக்கு வயிறு எரிந்தது. வெஸ்லி மனைவியை இழந்தவன், ஐம்பது வயதிலும் தலை நிறைய முடி வேறு. ஹார்லன் சாப்பிடும்போதுகூடத் தொப்பியைக் கழற்றுவதில்லை.

பெட்டியை நிலவறைக்குக் கொண்டுபோய் டப்பாவில் வைத்து மூடினான். நாளைக்கு எதிரி வந்தால் சுடுவதற்குத்தான் இதெல்லாம். இப்போது அந்த எதிரியே கொடுத்து அனுப்புகிற மாதிரி இருந்தது.

அடுத்த வியாழன், சாவியைக் கேட்டு நோரீன் கையை நீட்டியபோது, "இன்னிக்கு நான் போறேன்" என்றான்.

சாயம் பூசிய முகம் சட்டென்று வாடிவிட்டது. "உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

அந்த வாட்டம் ஒன்றே போதுமாக இருந்தது அவனுக்கு.

கடையில் வெஸ்லி உற்சாகமாகத்தான் வரவேற்றான். "என்னப்பா ஹார்லன், உயிரோடதான் இருக்கியா? தோட்டா இல்ல. இனிமே அக்டோபர்தான்."

"என் பொண்டாட்டிக்கு மட்டும் எங்கேருந்து வருது?"

"நோரீனுக்கா? அவங்க இந்தப் பக்கம் வந்தே ஒரு வருஷம் ஆச்சே!"

வெஸ்லியின் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் ஹார்லனை இன்னும் எரித்தது. இவன் இல்லையென்றால் வேறு எவனோ ஒருவன். இந்தப் பஞ்சத்திலும் வாரம் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிறவன் எவ்வளவு சேர்த்து வைத்திருப்பான்! அவளை அவன் வளைத்துப் போட்டது பெரிய குற்றமா, தன்னைவிட அதிகத் தோட்டா வைத்திருப்பது பெரிய குற்றமா என்று ஹார்லனுக்கே பிடிபடவில்லை. வழியெல்லாம் வண்டியை விரட்டினான்.

நோரீன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"நீ வெஸ்லி கடைக்கே போகலியாம். அப்ப வியாழக்கிழமை எவன் வீட்டுக்குப் போறே?"

கத்தியைக் கீழே வைத்தாள். "மார்ஜி வீட்டுக்கு. என் தங்கச்சி மார்ஜி. ரெண்டு பேரும் கேக் சாப்பிட்டுக்கிட்டே பேசிக்கிட்டிருப்போம், சீட்டாடுவோம். மனுஷங்களப் பாக்கப் போறோமேன்னு கொஞ்சம் சாயம் பூசிக்குவேன். அது தப்பா?"

"அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே போன வருஷம்! பெட்ரோல் தண்டம்னு சாவிய எடுத்து ஒளிச்சு வச்சே. தோட்டாவுக்குன்னு சொன்னாத்தானே நீயா எடுத்து நீட்டறே."

"கதை விடாத. தங்கச்சி வீட்டு மரத்துல தோட்டா காய்க்குதா?" அவன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். குரல் இறங்கிவிட்டது. "இருபத்தாறு வருஷமா ஒண்ணா இருக்கோம், நோரீன். என்ன விட்டுட்டு அவன்கூடப் போகப் போறியா? அதை மட்டும் சொல்லிடு. யாரு உனக்குத் தோட்டா தர்றது?"

நோரீனுக்கு வந்த கோபம் பாதியிலேயே போய், சிரிப்பு வரப்பார்த்தது.

"நீதான்யா. நீ கீழ கொண்டுபோய் வைக்கிற பெட்டியத்தான் ஏழு வாரமா எடுத்து எடுத்து உனக்கே குடுக்கறேன்."