பதினோரு மணி ஆசாமி

தெருவில் எல்லோரும் அவரைக் 'கமிஷனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் முப்பத்திரண்டு வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான திருடர்களைப் பற்றி டைப் அடித்திருக்கிறாரே தவிர, ஒருவனையும் கையால் தொட்டதில்லை. அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். அதற்கப்புறமாவது தெருக்காரர்கள் சிரிக்காமல் 'கமிஷனர்' என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் எதிர் வீட்டிலேயே ஒருவன் அகப்பட்டான்.

எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மா தனியாக இருப்பவர். தனியாக என்றால் ஒரு நாய், இரண்டு பூனைகளோடு. மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு முடி உதிர்க்கிற ரகம். நான்கு மாதத்துக்கு முன்னால் தானாகவே ஓடி வீடு பெருக்கும் ரோபோ ஒன்றை வாங்கினார். ஆள் இல்லாத நேரத்தில்தான் அது ஒழுங்காக வேலை செய்யுமாம். காலையில் பட்டனைத் தட்டிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து பார்த்தால் தரை கண்ணாடி. டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வீட்ல ஒரு முடி கண்ணுல படல! மனுஷங்ககூட இவ்வளவு சுத்தமா பெருக்க மாட்டாங்க!" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

கமிஷனர் ஜன்னல் வழியாகப் பார்த்தது வேறு. டாக்டர் ஒன்பது மணிக்குக் கிளம்புவார். பதினோரு மணிக்கு ஒருவன் வருவான். நீலத் தொப்பி, கையுறை, தோளில் நீளமான பை. செருப்பு அலமாரிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து, சொந்த வீடு மாதிரி திறந்துகொண்டு போவான். தபால்காரரைக் கண்டாலே எகிறுகிற நாய், இவனைக் கண்டால் வாலை ஆட்டும். முக்கால் மணி நேரம் கழித்து, உப்பிப்போன கறுப்புப் பாலிதீன் பையோடு வெளியே வருவான்.

"ஏங்க, யாராவது சொந்தக்காரங்களா இருக்கும்," என்றாள் மனைவி.

"சொந்தக்காரன் கையுறை போட்டுக்கிட்டா வருவான்?"

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய்ச் சொன்னார். "டாக்டரம்மா, அந்த மிஷின் சும்மா பெருக்கல. உங்க வீட்டை அங்குலம் அங்குலமா அளந்து, படம் போட்டு யாருக்கோ அனுப்புது. அதை வெச்சுத்தான் இவன் உள்ள வர்றான். நாயையும் பிஸ்கட் போட்டு வளைச்சுட்டான்."

டாக்டர் ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தார். வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஒண்ணும் காணாம போகலையே சார்?"

"அதான் ஆபத்து! பெரிசா எதையோ தேடறான். கிடைக்கிற வரைக்கும் வருவான்."

"அப்ப அந்தக் கறுப்புப் பை?"

கமிஷனர் கொஞ்சம் தடுமாறினார். "அதை நாளைக்கு அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்," என்று சமாளித்தார்.

மறுநாள் டாக்டர் வழக்கம்போலக் கிளம்பி, அடுத்த தெருவில் காரை நிறுத்திவிட்டு, கமிஷனர் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார். பேப்பரில் போட்டோ வரும் என்று கமிஷனர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மீசைக்கு மையும் தடவியிருந்தார். ஆயுதம், ஒரு குடை.

பதினோரு மணிக்கு அவன் வந்தான். பத்து நிமிடம் விட்டு இருவரும் தெருவைக் கடந்தார்கள். கமிஷனர் கதவைத் தள்ளினார்.

"அசையாதே! உன் ஆட்டம் முடிஞ்சுது!"

முப்பத்திரண்டு வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனம். குரல்தான் கீச்சென்று வந்தது.

அவன் சோபாவுக்கு அடியிலிருந்து தலையை வெளியே இழுத்தான். கையில் விளக்குமாறு. நீளப் பையிலிருந்து மாப்புக் கட்டை எட்டிப் பார்த்தது. கறுப்புப் பை நிறைய நாய் முடி, பூனை முடி. மூலையில் ரோபோ, சக்கரம் முழுக்க முடி சுற்றி மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றின் மேல் ஒரு பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க... இந்த மிஷினை எனக்கு வித்தவர்தானே?" என்றார் டாக்டர்.

"ஆமா மேடம்." அவன் மண்டியிட்டபடியே பேசினான். "ஒரு முடி இருந்தாலும் திருப்பி எடுத்துக்கறோம்னு சொல்லி வித்தேன். ரெண்டாம் நாளே நின்னு போச்சுன்னு என் போனுக்குத் தகவல் வந்துடுச்சு. ஏற்கெனவே ஏழு மிஷின் திரும்பி வந்திருக்கு. இன்னொண்ணு வந்தா என் வேலை போயிடும். மிஷின் வைக்க வந்தப்ப நீங்கதான் சாவி இருக்கிற இடத்தைச் சொன்னீங்க. அதான் தினமும் வந்து பெருக்கிட்டு, அதைத் தூக்கி அது இடத்துல வெச்சுட்டுப் போறேன்."

கமிஷனருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கைக்கெட்டியதை விட மனசில்லை.

"திருடலைன்னா என்ன? பூட்டின வீட்டுக்குள்ள நுழைஞ்சதே குற்றம்! நானே எத்தனை தடவை டைப் அடிச்சிருக்கேன். டாக்டரம்மா, ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இப்பவே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறேன்."

டாக்டர் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தார். ஜன்னல் விளிம்பை ஒரு விரலால் தடவி, அந்த விரலையும் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கமிஷனர் ஆவலோடு பேனாவை நீட்டினார்.

"வாரன்டி மூணு வருஷம்னு போட்டிருக்கு," என்று அந்தக் காகிதத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார் டாக்டர். "ஜன்னல் துடைக்கிறதும் இதுல சேர்த்திதானே?"