நண்டுக்கறி மணந்த வீடு

வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முன்னால் பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு, வீட்டுக்காரர் அடுக்களைக்குள் போயிருந்து நண்டுக்கறியும் சோறும் சாப்பிட்டால், அவரை என்னவென்று சொல்வது?

கஞ்சன் என்றுதான் கோபிசங்கர் சொன்னார். வாய்விட்டு அல்ல, மனதுக்குள்.

கோபிசங்கர் குடிதண்ணீர்த் திட்டத்தில் அதிகாரி. கிணறு பார்ப்பதற்காகக் கடல்நீரேரிக்குள் கிடக்கும் அந்தச் சின்னத் தீவுக்குக் காலையில் வந்தவர். பின்னேரம் சோளகக் காற்று பிடித்துக்கொண்டது, கடைசிப் படகு ஓடவில்லை. தங்குவதற்கு விடுதி என்று அங்கே ஒன்றும் கிடையாது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் யாகப்புதான் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கோபிசங்கருக்கு உள்ளுக்குள் சரியான சந்தோசம். அந்தத் தீவு நண்டின் ருசியைப் பற்றிக் கந்தோரில் கூட வேலை செய்கிறவர்களிடம் கதை கதையாகக் கேட்டிருக்கிறார். போதாததற்கு அன்று காலை சங்கக் கூட்டத்தில், நாங்கள் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள், இனி ஒரே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறோம் என்று பேசிப் பெரிய கைதட்டும் வாங்கியிருந்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு நண்டு கிடைக்காமல் போகுமா?

அவருடைய போனில் சார்ஜ் இல்லை. யாகப்புவின் போனை வாங்கி, அக்கரையில் வீட்டில் இருந்த மனைவி உதயகலாவுக்கு எடுத்து, இரவு தங்கப்போவதையும் நண்டுக்கறி சாப்பிடப்போவதையும் சொன்னார். யார் வீடு, என்ன தொழில் செய்கிற ஆட்கள் என்று அவள் விசாரித்தாள். மீன்பிடிக்கிற ஆட்கள் என்றார். அந்தப் பக்கம் சத்தமில்லை. காற்றுக்கு லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்து வைத்துவிட்டார்.

கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தால், வீடு முழுக்க நண்டு வாசம். முருங்கையிலை போட்டுக் கொதிக்கிற மணம் வாசல் வரைக்கும் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

மேசையில் இருந்தது என்னவோ பிரிக்காத பிஸ்கட் பெட்டி, மூடி கழற்றாத சோடா, உரிக்காத வாழைப்பழம், வெட்டாத இளநீர். இது தொடக்கம்தான், கறிச்சட்டி பின்னால் வரும் என்று நம்பி, இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டார். வயிற்றில் இடம் வேண்டாமா? பின்னால் எதுவும் வரவில்லை.

சாடையாகக் கேட்டுப் பார்த்தார். இப்போது வலையில் நண்டு படுகிறதா? நன்றாகப் படுகிறது என்றார் யாகப்பு. தனக்கு நண்டென்றால் உயிர் என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். யாகப்பு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆசை இருக்கும்தானே சேர். என்ன செய்யிறது?"

சொல்லிவிட்டு அவர் கண்முன்னாலேயே இன்னொரு சோடாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அடுக்களையில் நண்டுக்கால் உடைபடுகிற சத்தம் இங்கே தெளிவாகக் கேட்டது. கோபிசங்கர் சோடாவைக் குடித்தார். இந்தச் சனத்தின் புத்தியே இப்படித்தான் என்று நினைத்தார். காலையில் கைதட்டு வாங்கிய அதே மனிதர்தான் நினைத்தார்.

விடிந்ததும் ஒரு தேத்தண்ணியாவது வரும் என்று பார்த்தால், ஸ்ட்ரோவோடு மைலோ பெட்டி வந்தது. மீசை வைத்த அதிகாரி அதைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உறிஞ்சிக் குடித்தார்.

அந்த நேரம் யாகப்புவின் போனுக்கு உதயகலா எடுத்தாள். இரவு என்ன சாப்பாடு என்று கேட்டாள். பிஸ்கட் என்றார்.

"பரவாயில்லையப்பா, அதுகள் அவ்வளவுதான். நான் புட்டவிச்சு வைக்கிறன், கெதியா வாங்கோ."

அவள் குரலில் என்றுமில்லாத கனிவு. பெண்சாதிக்கு இருக்கிற இரக்கம் இந்த ஊராருக்கு இல்லையே என்று அவருக்கு இன்னும் கோபம் ஏறியது.

யாகப்பு படகை மறித்து வைக்க முன்னுக்கே போய்விட்டார். கோபிசங்கர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படலையடிக்கு வந்தபோது, யாகப்புவின் மனைவி றெஜினா பின்னால் ஓடிவந்து, வழியில் சாப்பிடச் சொல்லி இன்னொரு பிஸ்கட் பெட்டியை நீட்டினாள்.

அதோடு அவருடைய பொறுமை போய்விட்டது.

"அக்கா, குறை நினைக்காதையுங்கோ. நண்டை விடுங்கோ. வந்த மனுசனுக்கு ஒரு பிடி சோறு போடவும் உங்களுக்கு மனம் வரேல்லையே?"

றெஜினாவின் முகம் வாடிப்போனது. வந்தவரைப் பட்டினி போட்ட வீடு என்ற பேரை அவளால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்கெண்டு பெரிய நண்டாப் பாத்து எடுத்து வைச்சனான் சேர். நீங்கள் குளிக்கப் போன நேரம் உங்கடை மிஸிஸ் போன் எடுத்தவ. உங்களுக்கு வயித்துப்புண்ணாம், எங்கடை வீட்டிலை சமைச்சது ஒண்டும் குடுக்க வேண்டாமாம். பெட்டியிலை, போத்தலிலை அடைச்சதெண்டாக் குடுக்கலாமாம். தோலோடை பழம் குடுக்கலாமாம். கேட்டால் வெக்கப்படுவீங்கள், கேக்க வேண்டாமெண்டும் சொன்னவ. இவர் அந்தக் காத்துக்குள்ளை சைக்கிள் மிதிச்சுப் போய் எல்லாம் வாங்கியந்தவர்."

கோபிசங்கர் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

"வயித்துப்புண்ணோ? எனக்கோ? எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையக்கா."

"தெரியும் சேர்," என்றாள் றெஜினா. "எங்கடை படலையைத் தாண்டி உள்ளுக்கு வாற உங்கடை ஆக்கள் எல்லாருக்கும் உந்த வயித்துப்புண் வாறதுதான்."