யார் அனுபவத்தில்?

ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமிப்புகளைக் கணக்கெடுக்க வந்த சர்வேயர், பூவரசின் அடியில் நீள்வட்டமாக அடுக்கியிருந்த கற்களைப் பார்த்து நின்றார்.

"இது யார் அனுபவத்துல இருக்கு?"

அப்படியொரு கேள்வியை இதுவரை யாரும் தெய்வானையிடம் கேட்டதில்லை. இடுப்பில் குடத்தோடு நின்றவள், "என் அனுபவந்தான் சார்" என்றாள்.

"கல்லை அடுக்கினா பட்டா குடுத்துருவாங்கன்னு எவன்மா சொன்னான்? என்ன போட்டிருக்க, கத்திரியா, வெண்டையா?"

டேப்பின் முனையைப் பிடித்திருந்த தலையாரி மாசிலாமணி, "சார், இதை மட்டும் விட்டுருவோம் சார்" என்று முணுமுணுத்தார்.

"மேல கேட்டா நீயாய்யா பதில் சொல்லுவ? ஒரு சாண் விடாம எழுதணும். நாளைக்கு பொக்லைன் வருது. நீளம் எவ்வளவும்மா?"

தெய்வானை குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரித்துக் காட்டினாள்.

"பொறந்தன்னைக்கே இங்க படுக்க வச்சோம், இவ்வளவுதான் சார் இருந்தா."

தலையாரி டேப்பின் முனையை விட்டுவிட்டார். சர்வேயர் ஏரியைப் பார்த்தார். அவள் கைகள் மட்டும் விரிந்தபடியே நின்றன, மடக்கினால் அளவு தவறிவிடும் என்பதுபோல.