முப்பத்திரண்டாவது கதை

மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் நோயின் கதையைச் சொல்லி, அது சொந்தக் கதைதான் என்று இயந்திரத்திடம் சான்று வாங்க வேண்டும். துளசிமணிக்கு மூன்றாவது முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"காப்பியடிச்சிருக்கீங்க," என்றாள் கதைப் பிரிவு அலுவலர் நிவேதிதா. "கை மரத்துப்போச்சு, முடி கொட்டுது, வாயில இரும்பு ருசி. உங்க சாயப்பட்டறை வீதியில முப்பத்தொரு பேர் இதையேதான் சொன்னாங்க. யார் எழுதிக் குடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க. எல்லாருக்கும் அதே நோவுதானுங்க."

"மெஷின் ஒத்துக்காது. உங்களுக்கு மட்டும் நடந்தது ஏதாவது சொல்லுங்க. வீட்டுக்காரர் அடிப்பாரா? சின்ன வயசுல எதையாவது பாத்து பயந்தீங்களா?"

துளசிமணி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். உள்ளே இருந்த தண்ணீர் வெளிறிய ஊதா நிறத்தில் இருந்தது. மூடியைத் திருகித் திறந்து, பாட்டிலை மேசையில் 'டக்'கென்று வைத்தாள்.

"எங்க வீதிக் குழாய்த் தண்ணிங்க. தெனமும் குடிச்சுப்போட்டு, உங்களுக்குன்னு தனிக்கதை வருதான்னு பாருங்க."

நிவேதிதா சட்டென்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"ஏனுங்க, காப்பியடிச்ச கதைக்கு எதுக்குங்க இப்பிடிப் பயப்படறீங்க?"