கழட்டி மாட்டுற பல்

"எங்கப்பாவுக்கு இருக்கிறதுலயே உறுதியான பல்லா வைங்க டாக்டர். ஆடக்கூடாது, அசையக்கூடாது."

இப்படிக் கேக்கிற பிள்ளைகளை இந்தக் கிளினிக்ல நான் அதிகம் பார்த்ததில்லை. டாக்டரம்மாவுக்குக் கூடமாட நிக்கிறவ நான். பெத்தவங்களைக் கூட்டிட்டு வர்ற பாதிப் பேர், "வயசாயிருச்சு, இனிமே பல்லு எதுக்கு?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

பெரியவருக்கு மேல்வரிசையில முன்பல் ரெண்டும் இல்லை. உதடு இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். தூக்கப் போய் எனக்கும் அடி" என்று மகன் வலது கையைக் காட்டினார். விரல் முட்டியில கட்டு.

பாவம்னு நினைச்சுக்கிட்டேன்.

டாக்டரம்மா மாதிரிப் பற்களை எடுத்து மேஜையில வெச்சாங்க.

"எலும்புல திருகு பதிச்சு அது மேல பல் வைக்கலாம். சொந்தப் பல் மாதிரியே இருக்கும். இல்லைன்னா பக்கத்துப் பற்களை ராவி, பாலம் மாதிரி சேர்த்து ஒட்டிடலாம். அதுவும் அசையாது. மூணாவது, கழட்டி மாட்டுறது. பேசினா நழுவும், கடிச்சா ஆடும். அது உங்களுக்கு வேண்டாம்."

"கழட்டி மாட்டுறதே போதும்மா" என்றார் பெரியவர்.

"அப்பா! டாக்டர் இவ்வளவு தூரம் சொல்றாங்க..."

மகன் அவர் தோள்ல கை வெச்சார். பெரியவர் வெடுக்குனு உடம்பைச் சுருக்கிக்கிட்டார். என்ன வீம்பு பாருங்க இந்த மனுஷனுக்கு!

"பயப்படாதீங்க, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வோம். வலியே தெரியாது" என்றாங்க டாக்டரம்மா.

"வலிக்கெல்லாம் பயமில்லைம்மா. அந்தக் கழட்டி மாட்டுற பல்லை ஒத்தக் கையால சட்டுனு கழட்டிட முடியுமா?"

"முடியும். ராத்திரி படுக்கும்போது கழட்டித் தண்ணியில போட்டுருங்க."

"பகல்ல கழட்டலாமா?"

"நல்லா இருக்கே! பகல்ல போட்டுக்கத்தானே பல்லு?"

அவர் பிடிச்ச பிடியை விடலை.

மகனுக்கு முகம் செத்துப்போச்சு. "எனக்காகவே ஓடா உழைச்ச மனுஷன் டாக்டர். ஒரு நல்ல பல்லு வெச்சுவிடக்கூட விட மாட்டேங்கிறார் பாருங்க."

போன் அடிக்கவும் எழுந்து வெளியே போயிட்டார். "அவர் இஷ்டப்படியே அளவு எடுத்துரு"ன்னு என்கிட்ட சொல்லிட்டு டாக்டரம்மாவும் அடுத்த அறைக்குப் போயிட்டாங்க.

எனக்கு மனசு கேக்கலை. அளவெடுக்கிற பசையைக் குழைச்சுக்கிட்டே வாயைத் திறந்துட்டேன்.

"ஏங்க ஐயா, இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும். அவர் மனசை நோகடிக்கலாமா? தங்கமான பிள்ளை!"

"தங்கமான பிள்ளைதாம்மா."

பெரியவர் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் வாயைக் கையால மறைச்சுக்கிட்டு மெல்லச் சொன்னார்.

"கோபம் வந்தாத்தான் கை நீண்டுரும். இந்தத் தடவை என் பல்லு குத்தி அவன் கை கிழிஞ்சு போச்சு. இன்னும் அந்தக் கையால அவனால சாப்பிட முடியலை. கழட்டுற பல்லுன்னா, அவன் கையை ஓங்கும்போதே நான் எடுத்துருவேன்ல?"