கர்னலின் மறதி

“பேரைக் கேட்டாக்கூட முழிக்கணும்,” என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். போர்க்குற்ற வழக்கிலிருந்து தப்ப, எல்லாம் மறந்துபோனதாக நடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹோம்ஸ் நகர ஆஸ்பத்திரி வராந்தாவில், கோர்ட் நியமித்த மனநல டாக்டருக்காக, முன்னாள் கர்னல் வஜீஹ் வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த பெண் அவரை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க கர்னல் வஜீஹ்தானே? சண்டை நேரத்துல காலிதியா தெருப் பசங்க துப்பாக்கியைத் தூக்கினதும், பேண்ட் நனைய ஓடினீங்களாமே! ஊரே சிரிக்குது.”

“எவன் சொன்னான்?” கர்னல் துள்ளி எழுந்தார். “ஓடினவனா நான்? அந்தத் தெருவை ஆளுங்களோட சேர்த்துக் கொளுத்தச் சொன்னவனே நான்தான்! ஒரு வீடு மிஞ்சல, தெரியுமா?”

அவள் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்து, பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“டெஸ்ட் முடிஞ்சுது கர்னல். கோர்ட்டுலயும் இப்படியே கணீர்னு சொல்லுங்க.”