பஃபரில் அடங்காத பாக்கெட்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிய பிறகும் அந்த லினக்ஸ் கணினிக்குள் ஒரு தகவல் பாக்கெட் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வருவதை வாங்கி வைக்க நினைவகத்தில் ஒதுக்கிய பஃபரில் அடங்காத நீளம். வந்ததுமே, அதை வாங்கும் மென்பொருளான நெட்வொர்க் டிரைவர் குப்புற விழுந்துவிடும். அதைச் சரிசெய்ய உட்கார்ந்த அவள் பாக்கெட்டைத் திறந்து பார்த்தாள். "அக்கா, இந்தத் தடவையாவது முழுசா கேளு, அன்னிக்கு நான்" என்பதோடு பஃபர் முடிந்திருந்தது.

தம்பி இறந்து ஒரு வருஷமாகிறது. அவனுடைய கடைசி அழைப்பை, "வளவளன்னு இழுக்காதடா" என்று துண்டித்தவள் அவள்தான்.

"இன்னும் என்னம்மா ஆராய்ச்சி? நீளமா வந்தா தூக்கிப் போடுன்னு டிரைவர் கோட்ல எழுதிட்டு, அடுத்த வேலையப் பாரு," என்றார் மேலாளர்.

வாதாடக் கூசி அப்படியே எழுதினாள். டிரைவர் அதன்பின் விழவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் மனசு கேட்காமல், எழுதியதை அழித்துவிட்டு, பஃபரைப் பெரிதாக்கிக் காத்திருந்தாள். ஒரு பாக்கெட் வந்தது. மிகச் சிறியது.

"சரிக்கா, வச்சிடறேன்."